சட்டம் கேளுங்கள்: கஞ்சா வழக்கும் ஜாமீனும்

கேள்வி: தஞ்சாவூரில் என் தங்கை மகனை 22 கிலோ கஞ்சா வழக்கில் பிடித்து 14 மாதம் ஆகிறது. சாட்சி விசாரணையே தொடங்கவில்லை. தாமதத்தைக் காட்டி ஜாமீன் கேட்கலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கேட்கலாம். ஆனால் முதலில் எடையைப் பாருங்கள். 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. என்டிபிஎஸ் எனும் இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: இவர் குற்றவாளி அல்ல, வெளியே வந்தாலும் குற்றம் செய்யமாட்டார் என்று நம்ப நீதிபதிக்கு நியாயமான காரணம் வேண்டும். சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூ, காய் உள்ள நுனிதான். நுனி இல்லாமல் தனியாகக் கிடக்கும் இலையும் விதையும் சேராது. மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய பதிவை, வக்கீலைப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். சாக்கோடும் தண்டோடும் எடை போட்டிருந்தால், 22 கிலோ 20க்குக் கீழே இறங்க வாய்ப்புண்டு.

வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். அந்தக் கெடுவை நீதிமன்றம் மொத்தம் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே மனு போட்டிருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இனி தாமதம். 2023 மார்ச்சில், முகமது முஸ்லிம் எதிர் டெல்லி அரசு வழக்கில், 37ஆம் பிரிவு இருந்தும் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது. அவர் ஏழு ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவர். 14 மாதத்துக்கு அதே பலனை எதிர்பார்க்காதீர்கள். வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வாங்கிக்கொண்டால், இந்திய நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் இணையத்தளத்தில் இங்கிருந்தே ஒவ்வொரு வாய்தாவையும் பார்க்கலாம். வாய்தா கேட்டது யார்? நம் வக்கீலே நாலு தடவை கேட்டிருந்தால் தாமத வாதம் அங்கேயே படுத்துவிடும். போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் மறுத்தால் அடுத்தது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அங்கும் கிடைக்காவிட்டால், விசாரணையை இத்தனை மாதத்துக்குள் முடிக்க உத்தரவாவது கேளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலும் இப்படி நாள் கணக்கு உண்டா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கிடையாது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றச்சாட்டு என்றால் பொதுவாகப் பிணை இல்லை, வழக்கு எவ்வளவு இழுத்தாலும். ஹெராயின் கடத்தலில் அந்தக் கோடு 10 கிராம். 15ஐத் தாண்டினால் மரண தண்டனை. பொட்டலத்தின் எடையல்ல, சுகாதார அறிவியல் ஆணையம் பகுத்துச் சொல்லும் சுத்த டயமார்ஃபின் (ஹெராயினில் உள்ள போதைப்பொருள்) எடை. அறிக்கை வந்து குற்றச்சாட்டு குறைந்தால், உடனே பிணைக்கு விண்ணப்பியுங்கள். பிணையாளராக நிற்பவர் ஒன்றை மறக்கக்கூடாது: ஆளுடன் தொடர்பு அறுந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். இல்லையேல் பிணைத்தொகை பறிபோகலாம்.