டேஷ்போர்டுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி: கேள்வி பதில்

கோயம்புத்தூரில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். "வண்டிக்குள் ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை" என்று வந்த கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணே, செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றினேன். தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு பெட்டி, நாலு வயர், மினுக் மினுக்கென்று ஒரு லைட். வெட்டி எறிந்துவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள் தம்பி. பெரும்பாலும் வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ் டிராக்கராகத்தான் இருக்கும். முதலில் வயரில் சுற்றிய டேப்பைப் பாருங்கள். கம்பெனி வயரிங் சாக்கெட் போட்டு, கிளிப்பில் மாட்டி ஒழுங்காகப் போகும். நடுவழியில் ஒரு வயரைச் சுரண்டி, இன்னொன்றை முறுக்கி, பளபளவென்று இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அது பிற்பாடு யாரோ செய்த வேலை.

நாலு வயரில் ஒன்று பேட்டரிக்கு, ஒன்று எர்த்துக்கு, ஒன்று சாவி போட்டால் கரண்ட் வரும் இக்னிஷன் லைனுக்கு. நாலாவதுதான் வில்லங்கம். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு ரிலேயில், அதாவது கரண்டால் இயங்கும் ஒரு சுவிட்சில், போய் முடியலாம். பெட்ரோல் பம்ப்புக்கோ ஸ்டார்ட்டருக்கோ போகும் வயரை வெட்டி அதன் குறுக்கே அந்த ரிலேயை உட்கார வைத்திருப்பார்கள். யாரோ ஒருவர் செல்போனில் தட்டினால் உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ரிலேயைக் கழற்றினால் வெட்டுப்பட்ட பழைய வயரின் இரண்டு முனைகளையும் சேர்த்து சால்டர் வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் பிடுங்கிப்போட்ட ஒருவர், வண்டியைக் கயிறு கட்டி என் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்.

அப்புறம், கடனில் ஓடும் வண்டிகளில் ஃபைனான்ஸ்காரர்களே இதைப் பொருத்துவதுண்டு. ஆர்சியில் ஹைப்பாத்திகேஷன், அதாவது வண்டி மேல் கடன் இருப்பதற்கான பதிவு, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெட்டியைத் தொடாமல், விற்றவரிடம் ஃபைனான்ஸ்காரர் கொடுக்கும் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), அந்தக் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கேளுங்கள்.

கேள்வி: சீட்டின் பின்பக்கப் பையில், தையலுக்குள் வெள்ளையாக ஒரு வில்லை. பின்பக்கம் ஸ்டீல். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

பதில்: ஏர்டேக் மாதிரி தெரிகிறதம்மா, பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப்பிள் கம்பெனி வில்லை. வெள்ளைப் பக்கத்தை என்எஃப்சி (பக்கத்தில் வைத்தாலே தகவல் படிக்கும் வசதி) உள்ள போனின் பின்புறம் வையுங்கள். போனில் ஒரு இணையப் பக்கம் திறந்து சீரியல் நம்பரைக் காட்டும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் தூக்கி எறிய வேண்டாம், அதுதான் சாட்சி. வீட்டுக்குப் போகாமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. அதன் பேட்டரியைக் கழற்ற ஸ்டீல் மூடியை அமுக்கி இடப்பக்கமாகத் திருப்பினால் போதும். ஆனால் அதை போலீஸாரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: ஸ்டீயரிங் பக்கத்தில் சின்ன ஜல்லடை மாதிரி ஓட்டைகள். ஒட்டுக்கேட்கும் மைக்கா?

பதில்: ஆட்டோமேட்டிக் ஏசி வண்டிதானே? உள்ளே இருப்பது வெப்பநிலை சென்சார். கேபின் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சி அளந்து பார்க்கும். அதை ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிட்டு ஏசி சரியில்லை என்று வருகிறார்கள். போன் பேசும் மைக் பல வண்டிகளில் கூரை விளக்குப் பக்கம் இருக்கும்.

கேள்வி: டிரைவர் சீட்டுக்கு அடியில் மஞ்சள் சாக்கெட் தொங்குகிறது. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மஞ்சள் என்றால் ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் டென்ஷனர் லைன். டெஸ்ட் லேம்பின் கரண்டே அதை வெடிக்க வைக்கக்கூடும். சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

கேள்வி: கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் சிவப்பு நூல் சுற்றிய செப்புத் தகடு. யாராவது செய்வினை வைத்திருப்பார்களோ?

பதில்: பழைய ஓனர் வண்டி நல்லபடி ஓட வேண்டும் என்று வைத்ததாக இருக்கும். வைத்துக்கொள்வதும் கோயிலில் சேர்ப்பதும் உங்கள் இஷ்டம். எங்கே செருகுகிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். ஏசி போட்டால் டகடகவென்று சத்தம் வருகிறது என்று வந்த ஒரு வண்டியில் காற்றை ஊதும் ப்ளோவரைக் கழற்றினேன். கல்லாகக் காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு என் மடியில் விழுந்தது.