மூக்கு ஆபரேஷன்: "முழுசும் இன்ஷூரன்ஸ்ல வாங்கித் தர்றேன்"னு சொல்றவரை நம்பலாமா?

கேள்வி: வயசு 27, பெங்களூரு ராமமூர்த்தி நகர். மூக்குத் தண்டு வளைஞ்சு இடது பக்கம் மூச்சே போகல. அப்படியே வெளிய இருக்குற மேட்டையும் சரி பண்ணிக்கலாம்னு பாக்குறேன். மொத்தம் 1,80,000 ஆகும்னாங்க. ஒரு ஏஜென்ட், ஆக்சிடென்ட்னு எழுதி இன்ஷூரன்ஸ்ல வாங்கிடலாம், மீதிக்கு நோ காஸ்ட் இஎம்ஐ-ங்கறாரு. செய்யலாமா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஏஜென்ட் நம்பரை பிளாக் பண்ணுங்க, அப்புறம் மிச்சத்தைப் படிங்க.

தண்டை நேராக்குறது செப்டோபிளாஸ்டி, உருவத்தை மாத்துறது ரைனோபிளாஸ்டி. ஒரே மயக்கத்துல ரெண்டும் செய்யலாம், ஆனா இன்ஷூரன்ஸ் தண்டை நேராக்குறதுக்குத்தான் பணம் குடுக்கும். அதுவும் நிறைய தனி பாலிசில இதுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும். ஆபீஸ் குரூப் பாலிசின்னா பெரும்பாலும் அது இருக்காது, எச்ஆர் கிட்ட கேளுங்க.

எஸ்டிமேட்டை ரெண்டு தாளா பிரிச்சுக் கேளுங்க. தண்டுக்கு 80,000, உருவத்துக்கு ஒரு லட்சம்னு வச்சுக்குவோம், அழகுக்காகப் பண்றதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அங்கயே 18,000 ஏறிடுச்சு, உங்க 1,80,000-ல அது இருக்கான்னு கேட்டீங்களா? தியேட்டர் சார்ஜ், மயக்க டாக்டர் ஃபீஸ் எந்தத் தாள்ல எவ்வளவு விழுதுன்னும் பாருங்க.

இப்ப ஆக்சிடென்ட் கதை. நான் 14 வருஷம் ஆஸ்பத்திரி பில்லிங் டெஸ்க்ல உக்காந்தவன். ஒரு பையன் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு வெத்து ப்ரீ-ஆத் ஃபார்ம்ல (ஆபரேஷனுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் கிட்ட அனுமதி கேக்குற ஃபார்ம்) கையெழுத்துப் போட்டுட்டான். இன்வெஸ்டிகேட்டர் வந்து எந்த ரோடு, எந்த வண்டி, அன்னைக்கு எந்த டாக்டர் கிட்ட காட்டினன்னு கேட்டதும் முழிச்சான். கிளெய்ம் போச்சு, பாலிசியும் போச்சு. கையெழுத்து அவனோடது, ஏஜென்ட் போனை எடுக்கவே இல்ல.

நெஜமாவே அடிபட்டு மூக்கு உடைஞ்சவங்க கதை வேற. ஆக்சிடென்ட், தீக்காயம், கேன்சருக்கு அப்புறம் மூக்கை மறுபடி சீராக்குறதுக்கு அழகு ஆபரேஷன் விலக்கு பொருந்தாது, வெளிப்பக்க வேலைக்கும் கேக்கலாம். ஆனா அன்னைக்கு எமர்ஜென்சில குடுத்த சீட்டு, எம்எல்சி (விபத்து கேஸ்னு ஆஸ்பத்திரி போடுற பதிவு) காப்பி, எலும்பு முறிவு தெரியுற சிடி ஸ்கேன், ட்ரீட் பண்ற டாக்டரோட சர்டிபிகேட் எல்லாம் வேணும். சின்ன வயசுல கிரிக்கெட் பால் பட்டுச்சு சார்னு வாயால சொன்னா வேலைக்காகாது.

நோ காஸ்ட் இஎம்ஐன்னா அது லோன்தான். வட்டியை ஃபைனான்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரி கிட்ட கழிச்சுக்கும், ஆஸ்பத்திரி அதை ரேட்லயே ஏத்தி வச்சிருக்கும். கையில பணம் கட்டினா எவ்வளவுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, தெரிஞ்சுடும். இதுல ப்ராசஸிங் ஃபீஸ் தனி. ஆபரேஷனுக்கு முன்னாடியே பணம் அவங்களுக்குப் போயிடும், நீங்க மனசு மாறினாலும் இஎம்ஐ ஓடிக்கிட்டே இருக்கும், ரீஃபண்டுக்கு நீங்கதான் அலையணும்.

ஆக, ஈஎன்டி டாக்டர் கிட்ட எண்டோஸ்கோப்பி, சிடி எடுத்து, மூச்சு அடைப்புக்குத்தான் ஆபரேஷன்னு எழுதி வாங்கி, தண்டுக்கு மட்டும் கேஷ்லெஸ் (இன்ஷூரன்ஸே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டுறது) போடுங்க. ஒரு மணி நேரத்துல முடிவு சொல்லணும்னு 2024-ல ஐஆர்டிஏஐ (இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) சர்க்குலரே இருக்கு. இன்ஷூரன்ஸ்காரங்க அம்பத்தொன்பதாவது நிமிஷம் ஒரு கேள்வி கேட்டுட்டு கடிகாரத்தை மறுபடி மொதல்ல இருந்து ஓட்டுவாங்க, என்னத்தச் சொல்ல. ரிஜெக்ட் பண்ணா கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுங்க, 30 நாள்ல சரியான பதில் வரலன்னா இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (இந்தப் புகார்களை விசாரிக்கிற அதிகாரி) கிட்ட போங்க, பைசா செலவில்ல, வக்கீலும் வேணாம்.

மேட்டுக்கு ஒரு வருஷம் காசு சேத்துட்டுக் கூட வரலாம், மூச்சுதான் அவசரம். கையில சுத்தமா பணம் இல்லன்னா விக்டோரியா ஆஸ்பத்திரி ஈஎன்டி ஓபிக்கு காலைல சீக்கிரமே போய் சீட்டு வாங்கிடுங்க.