ராஜபாளையத்தை பனிமலைக்கு கூட்டிட்டு போலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி வாசகி): அண்ணா, எங்க ராஜபாளையம் நாய்க்கு மூணு வயசு. தினமும் காலைல பெசன்ட் நகர் பீச்ல என்கூட ஏழெட்டு கிலோமீட்டர் நடப்பான், களைப்புன்னா என்னன்னே தெரியாது. டிசம்பர்ல நானும் வீட்டுக்காரரும் உத்தராகண்ட்ல இருக்குற கேதார்காந்தா பனிமலைக்கு ட்ரெக் போறோம், அவனையும் கூட்டிட்டு போகணும்னு ஆசை. ஜாக்கெட், நாய் ஷூ எல்லாம் ஆன்லைன்ல ஆர்டர் போட்டாச்சு. வேற என்ன வாங்கணும்?

பதில்: முதல்ல அந்த ஆர்டரை கேன்சல் பண்ண முடியுமான்னு பாருங்க தங்கச்சி. கோவிச்சுக்காதீங்க, நடக்குறது உங்க பையனுக்கு ஒரு விஷயமே இல்ல, வேட்டைக்குன்னே வளர்த்த இனம் அது, உங்களையும் இழுத்துட்டு ஓடும். பிரச்சனை தோல்ல இருக்கு. மலை நாய்ங்களுக்கு முடி ரெண்டு அடுக்கு, மேல முரட்டு முடி, அடியில பஞ்சு மாதிரி மெத்துனு இன்னொரு அடுக்கு, அதுதான் உடம்பு சூட்டை வெளிய விடாம பிடிச்சு வைக்கும். நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இந்த வெயிலுக்குன்னு வந்ததுங்க, குட்டை முடி, அடியில ஒண்ணும் கிடையாது, கொழுப்பும் கிடையாது, நிக்க வெச்சா விலா எலும்பை எண்ணலாம். சென்னையில இதுவரைக்கும் பதிவானதுலயே குறைஞ்ச வெப்பம் 13.9 டிகிரி, அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னாடி. மார்கழில இருபத்தோரு டிகிரிக்கே மங்கி குல்லா மாட்டிட்டு வாக்கிங் வர்ற ஊர்ல பொறந்த நாயை, ராத்திரி மைனஸ் பத்துக்கு போற இடத்துல டென்ட்ல படுக்க வைக்கணுமா?

ஜாக்கெட் முதுகை மூடும், சரி. பாதம்? அங்கதான் கதையே இருக்கு. சில வருஷம் முன்னாடி ஜனவரில நான் அதே கேதார்காந்தா போனப்ப சாங்க்ரி கிராமத்துல இருந்து கரடி மாதிரி ஒரு கருப்பு நாய் எங்க கூடவே கிளம்பிடுச்சு, யாரும் கூப்பிடல, ரெண்டு நாள் முன்னாடி ஓடுறதும் திரும்பி வந்து எண்ணிப் பார்க்குறதுமா வந்துச்சு. ரெண்டாம் நாள் மத்தியானம் வெயில்ல பனி கொஞ்சம் இளகி ஈரமாச்சு பாருங்க, அப்ப அது திடீர்னு உக்காந்து காலை கடிக்க ஆரம்பிச்சுது. விரிச்சு பார்த்தா விரலுக்கு நடுவுல இருக்குற முடியில பனி ஒட்டி ஒட்டி நெல்லிக்காய் சைஸ்ல கட்டி கட்டியா இறுகிப் போயிருக்கு, கல்லு மேல நடக்குற மாதிரி, ஓரத்துல ரத்தம் வேற. பிச்சு எடுத்தா முடியோட வரும், அதனால க்ளவுஸை கழட்டிட்டு உள்ளங்கையில வெச்சு வெச்சு உருக்கினேன், நாலு காலுக்கும் அரை மணி நேரம் ஆச்சு, அதுக்கப்புறம் எனக்கு விரல் இருக்கான்னே தெரியல. அந்த ஊர்லயே பொறந்த நாய்க்கே அந்த கதி.

ஷூ போட்டா சரியாயிடும்னு சொல்வீங்க. போட்டுப் பாருங்க வீட்ல, சூடான தோசைக்கல் மேல நடக்குற மாதிரி காலை தூக்கித் தூக்கி வைப்பான், பழகுறதுக்கே ஒரு மாசம் ஆகும், பனியில ஒண்ணு கழண்டு விழுந்தா கிடைக்கவும் கிடைக்காது.

போற வழியையும் யோசிங்க. ரயில்ல ஏசி ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஒரு கூபே, அதாவது கதவு மூடுற தனி அறை, முழுசா உங்க பேர்ல கிடைச்சாதான் அவனை கூட வெச்சுக்கலாம், இல்லன்னா கார்டு பெட்டில நாய்க்கூண்டுதான். டெல்லி வரைக்கும் கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர், ரெண்டு ராத்திரி. அப்புறம் டேராடூன், அங்கிருந்து சாங்க்ரிக்கு ஒரு பகல் முழுக்க வளைஞ்சு வளைஞ்சு ஜீப். இவ்வளவும் தாண்டிப் போனா அந்த மலை இருக்குறது கோவிந்த் வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள, வீட்டு நாயை விடுறது வனத்துறை கையில. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் ட்ரெக் கம்பெனிக்காரன் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னு சொன்னதை நம்பிப் போய், பொண்டாட்டியை மேல அனுப்பிட்டு அவர் மட்டும் நாயோட கீழ லாட்ஜ்ல நாலு நாள் மேகி சாப்ட்டாரு.

அம்மா வீட்ல விடுங்க, இல்ல போர்டிங்ல இப்பவே இடம் பிடிச்சு வைங்க. அவனுக்கும் குளிர் காட்டியே ஆகணும்னா கொடைக்கானல் போங்க, ஸ்வெட்டரோட ஜம்முனு ரெண்டு நாள் நடக்கலாம். அங்கயும் நடுங்க ஆரம்பிச்சா உடனே உள்ள கூட்டிட்டு வந்து ஈரத்தை துடைச்சு போர்வையில சுத்துங்க. நடுங்கிட்டு இருந்தவன் நடுக்கம் நின்னு சோர்ந்து தள்ளாடினா குளிர் பழகிடுச்சுன்னு நினைக்காதீங்க, உடம்பு சூடு ரொம்ப இறங்கிடுச்சுன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட ஓடணும். அப்புறம் ட்ரெக்குக்கு பொட்டலம் கட்டுற நட்ஸ்ல உலர் திராட்சை, சாக்லேட் கிடக்கும், ரெண்டும் நாய்க்கு விஷம். பை மேல ஒரு கண்ணு இருக்கட்டும்.

கேள்வி (பெரம்பூர், எட்டாம் வகுப்பு மாணவன்): அங்கிள், பனியில வெறுங்காலோட ஓடுற நாய்ங்களுக்கு கால் உறையாதா? பால்டோதான் உலகத்துலயே பெரிய ஹீரோ நாயா?

பதில்: சூப்பர் கேள்விடா தம்பி. பாதத்துக்கு சூடான ரத்தம் கொண்டு போற குழாயும், அங்கிருந்து குளிர்ந்த ரத்தத்தை திருப்பி கொண்டு வர்ற குழாயும் ஒட்டி ஒட்டி ஓடும். போற சூடு பக்கத்துல வர்ற குளிர்ந்த ரத்தத்துக்கு தாவிடும், அதனால உள் உடம்புக்கு சில்லுனு ரத்தம் போகாது, பாதமும் உறையாத அளவுக்கு சூடா இருக்கும். அம்மா டீ ஆத்தும்போது டம்ளரை தண்ணி பாத்திரத்துல வைப்பாங்கல்ல, டீ சூடு தண்ணிக்கு போகும், அதே கணக்கு. ஆனாலும் இதுக்கு ஒரு எல்லை இருக்கு, அதனாலதான் அலாஸ்கால நடக்குற நாய் இழுக்குற பனி வண்டி பந்தயத்துல நாய்ங்களுக்கு துணி பூட்ஸ் போட்டு விடுறாங்க.

பால்டோ விஷயத்துல எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1925 ஜனவரில அலாஸ்கால நோம்ங்கற ஊர்ல தொண்டை அடைப்பான் நோய், குழந்தைங்க சாகுது, மருந்து நெனானாங்கற ஊர் வரைக்கும்தான் ரயில்ல வந்துச்சு. அங்கிருந்து 1,085 கிலோமீட்டர், இருபது வண்டிக்காரங்க கை மாத்தி கை மாத்தி, சுமார் நூத்தம்பது நாய்ங்க, அஞ்சரை நாள்ல கொண்டு சேர்த்தாங்க. கடைசி கட்டத்துல முன்னாடி ஓடினது பால்டோ, அதனால பேப்பர்ல பேரு, நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல அதே வருஷம் சிலை. ஆனா மருந்தோட அதிக தூரம் ஓடினது லியோன்ஹார்ட் செப்பாலாங்கற வண்டிக்காரரோட நாய் டோகோ, சுமார் 146 கிலோமீட்டர், அதுவும் பன்னெண்டு வயசுல! அந்த வயசுல நம்ம வீட்டு நாய்ங்க சோபாவை விட்டு இறங்காது. கடைசி ஓவர்ல சிக்ஸ் அடிச்சவனைத்தான் தோள்ல தூக்குவோம், நாள் பூரா நின்னு ஆடினவன் பெவிலியன்ல உக்காந்திருப்பான், உனக்கே தெரியும்.

கேள்வி (கிண்டி வாசகர்): அன்டார்டிகாவுக்கு நாயோட நடந்து போக இப்ப அனுமதி உண்டா?

பதில்: இல்ல சார். 1994-லயே கடைசி நாயையும் அங்கிருந்து கிளப்பிட்டாங்க. தென் துருவத்தை முதல்ல தொட்ட அமுண்ட்சென் 52 நாயோட கிளம்பி 11 நாயோட திரும்பினார், மீதி என்னாச்சுன்னு சாப்பிடுற நேரத்துல படிக்காதீங்க.

கேள்வி (மயிலாப்பூர் வாசகர்): தருமர் கூட இமயமலைல கடைசி வரைக்கும் நடந்த நாய் எந்த இனம்?

பதில்: ஐயா, வியாசர் அதை எழுதல. அது எமதர்மனே வேஷம் போட்டு வந்ததுன்னுதான் கதை. ஆனா அஸ்தினாபுரத்துல இருந்தே கூட வந்த நாய்ங்கறதால சமவெளி நாயாத்தான் இருக்கணும், அப்படின்னா வேளச்சேரி தங்கச்சிக்கு நான் சொன்னதெல்லாம் அடிபட்டுப் போகுது! திரௌபதி விழுந்தா, நாலு தம்பிங்களும் விழுந்தாங்க, நாய் விழல. இந்திரன் ரதத்தோட வந்து நாயை விட்டுட்டு ஏறுன்னு சொன்னப்ப நம்பி வந்ததை விட மாட்டேன்னு தருமர் நின்னாரு. அவங்க நடந்த வழின்னு அந்தப் பக்கத்து ஜனங்க சொல்ற சுவர்க்காரோகிணி சிகரம் கேதார்காந்தால இருந்தே தெரியும், 6,252 மீட்டர். எங்க கூட வந்த கருப்பன் அதைப் பார்த்துட்டு கொட்டாவி விட்டான்.

கேள்வி (அதே வேளச்சேரி வாசகி, வாட்ஸ்அப்ல மறுபடி): சரிண்ணா, பையனை அம்மாகிட்ட விட்டாச்சு. அந்த கருப்பன் மாதிரி மலை நாய்ங்களுக்கு பிஸ்கட் எடுத்துட்டு போலாமா?

பதில்: க்ரீம் பிஸ்கட் வேண்டாம். அவிச்ச முட்டை, சப்பாத்தி குடுங்க, ஆனா கிராமத்துலயே குடுத்து முடிச்சுடுங்க. மேல கேம்ப்ல போட்டா அது உங்க டென்ட் வாசல்லயே படுக்கும், ராத்திரி சிறுத்தை வர்ற இடம் அது. ஆட்டு மந்தை காவலுக்கு கழுத்துல ஆணி வெச்ச இரும்புப் பட்டை போட்ட நாய் தெரிஞ்சா அதுகிட்ட போகவே போகாதீங்க, அது சிறுத்தைக்கு போட்டது, டூட்டில இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி ரேபிஸ் ஊசியைப் பத்தி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, சாங்க்ரில இருந்து பெரிய ஆஸ்பத்திரி ரொம்ப தூரம்.