புதிதாக வந்த எமோ ஹார்ட்கோர் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டேன்; முழுக்கக் கத்தலாகவே இருந்தது. இதில் உண்மையான உணர்ச்சி இருக்கிறதா?

இருக்கிறது. வேகமும் கத்தலும் நிறைந்த ஹார்ட்கோர் பங்க் இசையில் சொந்த உணர்ச்சிகளைப் பாடுவதுதான் எமோ ஹார்ட்கோர். அந்தக் கத்தலைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதால்தான் பலரால் அதற்குள் போக முடிவதில்லை. நான் அதை ஒப்பாரியாகத்தான் கேட்கிறேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவன். என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் இறந்த அன்று தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் அமர்ந்து என் அத்தை பாடிய ஒப்பாரியில் துக்கம் என்றோ வேதனை என்றோ ஒரு சொல்கூட வரவில்லை. விடியுமுன் நெற்றியில் கட்டிக்கொண்டு போகும் விளக்கு, மழை பெய்து வேலை நின்ற நாள்களில் கிடைக்காமல் போன கூலி, விளிம்பு நசுங்கிய பால்வாளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். தொண்டை கிழியப் பாடியவர், வாளிக்கு வந்ததும் பாட்டை விட்டுவிட்டு, பேச்சுக்குரலில் "இனிமே இத யாரும்மா கழுவுவா?" என்று கேட்டார். அதுவரை அழாமல் நின்ற ஆண்கள் அப்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எமோ என்ற பெயர் 1980களின் நடுவில் வாஷிங்டன் நகரத்து ஹார்ட்கோர் இசையிலிருந்து வந்தது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவின் 1985ஆம் ஆண்டு இசைத்தட்டை அதன் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு விடை தேட, லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த டூஷே அமோரே குழு 2016இல் வெளியிட்ட 'ஸ்டேஜ் ஃபோர்' போதும். பாடகர் ஜெரமி போமின் தாயார் 2014இல் புற்றுநோயால் இறந்தார். தலைப்பு அந்த நோயின் நான்காம் கட்டத்தைக் குறிக்கிறது, அது குழுவின் நான்காவது இசைத்தட்டும்கூட. தாயின் உயிர் பிரிந்த நேரத்தில் தான் மேடையில் பாடிக்கொண்டிருந்ததையும், அவர் தொலைபேசியில் விட்டுச்சென்ற கடைசிக் குரல்பதிவைக் கேட்கத் தனக்கு இன்னும் துணிவு வரவில்லை என்பதையும் போம் அதில் பாடுகிறார். கிட்டார்களும் டிரம்ஸும் விடாமல் துரத்த, அந்தக் குரல் மூச்சுக்குத் திணறுவதுபோல வரிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. இத்தனை சிறிய, வெளியில் சொல்லக் கூசும் செய்திகளை இயல்பான குரலில் பாடியிருந்தால் என்னால் நம்பியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

கடைசிப் பாடலில் இசை பெருகி ஓய்ந்த பிறகு, அந்தத் தாயின் குரல்பதிவே ஒலிக்கிறது. அழுகையோ விடைபெறுதலோ அல்ல, வீட்டில் பேசுவதுபோன்ற சாதாரணப் பேச்சு. முதன்முறை அதைக் கேட்டபோது நான் செம்பனைத் தோட்டத்துச் சாலையோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் நின்றிருந்தேன். அத்தை பாட்டை விட்டுப் பேசிய அந்தக் கணம் எனக்கு அப்படியே திரும்ப வந்தது.

நீங்கள் கேட்ட புதிய இசைத்தட்டையும் இன்னொரு முறை, பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அல்லாமல் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கத்தலை எண்ணாதீர்கள், குரல் எந்தச் சொல்லில் தாழ்கிறது என்று பாருங்கள்.