இரவு பகலாய் உழைக்கும் கலங்கள்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

என் அப்பா இளைப்பாறிய ஆசிரியர். இப்போது சட்டைத் தெறி பூட்டவே கால் மணித்தியாலம் ஆகிறது. பார்க்கின்சன் நோய், மூளையில் ஒரு கறுத்த பகுதியின் கலங்கள் அழிகின்றன என்றார் வைத்தியர். பக்கத்துக் கலங்கள் பிழைத்திருக்க, அவை மட்டும் ஏன் அழிகின்றன? அப்பா அண்மையில் எழுதிய பக்கமொன்றின் படத்தை இணைத்துள்ளேன்.

ஒரு வாசகி, சாவகச்சேரி

அன்பின் சகோதரிக்கு,

படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரியின் தொடக்கத்தில் கரும்பலகைக்குப் பழகிய கையின் தெளிவோடு நிற்கும் எழுத்து, வரி முடிவதற்குள் கடுகளவாகச் சுருங்கிவிடுகிறது. அதுவும் இந்நோயின் அடையாளமே.

அளவுக்கு மீறிய உழைப்பே அக்கலங்களுக்கு ஆபத்தாகிறது. நடுமூளையிலுள்ள அப்பகுதியைச் சப்ஸ்டான்சியா நைக்ரா என்பர். அங்குள்ள சில இலட்சம் கலங்களே அசைவுக்கு வேண்டிய டொபமின் என்ற இரசாயனத்தை அனுப்புகின்றன. ஒரேயொரு கலத்தின் இழையைக் கிளைகளோடு சேர்த்து அளந்தால் 4 மீற்றருக்கு மேல் வரும் என்றும், அதில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருக்கும் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தூண்டுதல் வராதபோதும் இக்கலங்கள் தாமாகவே துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கல்சியம் உள்ளே புக, அதை வெளியேற்றச் சக்தி தரும் இழைமணிகள் ஓயாது இயங்கி, கலத்தையே அரிக்கும் ஒட்சிசன் விளைபொருட்களைச் சேர்த்துவிடுகின்றன. அளவின்றி இறைத்த நம் கிணறுகளில் உவர் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். டொபமினும் எளிதில் ஒட்சியேறக் கூடியது. கலங்களைக் கறுக்கச் செய்யும் நியூரோமெலனின் அதிலிருந்து உருவாவதே. அல்பா சினியுக்ளின் என்ற புரதம் பிழையாக மடிந்து கலங்களுக்குள் திரள்வது இன்னொரு சுமை.

பக்கத்துக் கலங்களும் டொபமினைத்தான் சுரக்கின்றன. ஆயினும் அவற்றுள் புகும் கல்சியம் குறைவு. அதைப் பற்றி வைத்திருக்கும் கல்பின்டின் என்ற புரதமும் அவற்றில் பலவற்றுக்கு உண்டு. அவையும் முற்றாகத் தப்புவதில்லை. கறுத்த பகுதிக்கு வெளியே, குடலோடு தொடர்புடைய வேகசு நரம்பின் கலங்களும் பாதிக்கப்படுவதுண்டு. மலச்சிக்கல் பலருக்கு நடுக்கத்துக்குப் பல வருடங்கள் முன்பே தொடங்குவது இதனோடு தொடர்புடையது.

கல்சிய வாயில்களை அடைத்தால் கலங்கள் பிழைக்குமா என்று இஸ்ரடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தை 336 நோயாளரிடம் மூன்று வருடங்கள் சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவில் நோயின் வேகம் குறையவில்லை. அதை வாசித்த நாளில் மனம் மிகவும் சோர்ந்தது. கை நடுங்கத் தொடங்கும்போதே அக்கலங்களில் கணிசமான பங்கு போய்விடுகிறது; மருந்து பிந்திச் சேர்ந்ததும் காரணமாயிருக்கலாம்.

பொதுவாகக் கொடுக்கப்படும் லெவோடோபா மாத்திரை கலங்களைக் காப்பதில்லை, குறைந்துபோன டொபமினை ஈடுசெய்கிறது. அப்பாவும் அதை எடுப்பவராயின், தெறி பூட்டுவதையும் எழுதுவதையும் மாத்திரை வேலை செய்யும் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.