சின்ன அச்சகத்துக்குத் தனியாக மார்க்கெட்டிங் மேனேஜர் தேவையா?

நாலு பேர் வேலை செய்யும் ஆஃப்செட் அச்சகத்துக்கு இது வீண் செலவில்லையா என்று கேட்கிறீர்கள். வீண் செலவில்லை என்றே உறுதியாகச் சொல்வேன். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்றே வெளியாகிவிடும். ஆர்டர் பிடிக்கும் ஓட்டம் அப்போதே தொடங்குகிறது. முதலாளியோ பிளேட், மை, பேப்பர் விலை, கட்டிங், டெலிவரி என்று மெஷின் பக்கத்தை விட்டு நகர முடியாது. கடை கடையாகப் போய் ஆல்பத்தை விரித்துக் காட்டுவது யார்? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணங்கள் குறைவதால் பத்திரிகை வேலையும் குறைந்துவிடும். மெஷின் தவணையும் சம்பளமும் காத்திருக்காது. அந்த மாதங்களுக்கு பில் புக், ஸ்வீட் பாக்ஸ், மருந்து அட்டைப்பெட்டி என்று முன்கூட்டியே ஆர்டர் தேட ஓர் ஆள் வேண்டும். முழுச் சம்பளம் கட்டுப்படியாகாவிட்டால், குறைந்த சம்பளமும் ஆர்டருக்குக் கமிஷனும் பேசிக்கொள்ளுங்கள். முதல் வேலையாக, போன வருஷம் வந்து இந்த வருஷம் வராத வாடிக்கையாளர்களைப் பார்க்க அனுப்புங்கள்.