மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள்

கடலோரமாக நடந்து போகும் உங்கள் பயணத்தில் நால்வரில் ஒருவர் மட்டும் பின்தங்குகிறார், தினமும் 25 கிலோமீட்டர் என்ற திட்டம் நடக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவரைக் கழற்றிவிடாதீர்கள், திட்டத்தை மாற்றுங்கள். கடலோரத்தில் தூரக்கணக்கு ஏமாற்றும்: மணலில் கால் புதையும், முகத்துவாரம் வந்தால் சுற்றிப் போக வேண்டும். தூரத்துக்குப் பதிலாக, அவர் வேகத்தில் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேருந்து வரும் ஊரில் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்தால், களைத்தவர் அங்கே நின்றுவிட்டு அடுத்த கட்டத்தில் சேரலாம். நடக்கும்போது அவரே முன்னால் போகட்டும். அப்புறம், கடல் ஏறும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் உயரும். நேற்றைய நேரத்தை நம்பி இன்று பாறையடியில் இறங்க வேண்டாம்.